ஒரே வரியில் மறுக்கப்படும் பென்ஷன்... முன்னாள் ராணுவ வீரர்கள் கேட்டுப் பெற வேண்டிய உரிமை!

வேலூர் மாவட்டத்தில் கம்மவான்பேட்டை என்றொரு ஊர் இருக்கிறது. 'ராணுவப்பேட்டை' என்று சொன்னால்தான் பலருக்கும் தெரியும். தலைமுறை தலைமுறையாகப் பட்டாளத்துக்குப் பிள்ளைகளை அனுப்பும் ஊர். தமிழ்நாட்டில் இப்படி எத்தனையோ கிராமங்கள். 18, 19 வயதில் தேர்வாகிப் போகிறவர், பெரும்பாலும் 40 வயதைத் தொடுவதற்குள் சிப்பாயாகவோ, ஹவில்தாராகவோ ஓய்வு பெற்று ஊர் திரும்பிவிடுகிறார்.

திரும்புகிறவர்களில் சிலர் முழு உடம்போடு திரும்புவதில்லை. ஒருவருக்கு முதுகுத்தண்டில் வலி. இன்னொருவருக்குப் பீரங்கிச் சத்தத்தில் போன காது. சிலருக்கு வலிப்பு, சிலருக்கு ரத்தக் கொதிப்பு, சிலருக்குத் தூக்கமே வராத மனநோய். இவர்களுக்காகவே 'டிஸெபிலிட்டி பென்ஷன்' என்ற ஒன்று உண்டு. ஆனால், விண்ணப்பித்த பலருக்கும் வந்து சேர்வது ஒரு வரி பதில்தான்: 'இந்த நோய் ராணுவப் பணியால் ஏற்பட்டதும் அல்ல, பணியால் அதிகமானதும் அல்ல.'

ராணுவ மருத்துவக் கோப்புகளில் இதை ஆங்கில எழுத்துகளால் சுருக்கி 'நானா' என்பார்கள். கேட்கத் தமிழ்ப் பேச்சு மாதிரி இருக்கும் அந்த நான்கு எழுத்துகள்தான் ஒரு குடும்பத்தின் மாத வருமானத்தைத் தீர்மானிக்கின்றன. அந்த வரியைப் பார்த்ததும், 'அவ்வளவுதான், மேலே இருந்தே சொல்லிவிட்டார்கள்' என்று பேப்பரை மடித்து உள்ளே வைத்துவிடும் குடும்பங்கள் நிறைய. ஆனால், சட்டம் அந்த வரியோடு முடிந்துவிடவில்லை. சரியான பேப்பரோடு கேட்டவர்கள் பலர் வென்றிருக்கிறார்கள்.

யாருக்குக் கிடைக்கும்? எவ்வளவு கிடைக்கும்?

ராணுவம், கடற்படை, விமானப்படை மூன்றுக்கும் அடிப்படை ஒன்றுதான். பணியிலிருந்து விடுபடும்போது மெடிக்கல் போர்டு நடக்கும். உடல்நிலை காரணமாக இடையிலேயே அனுப்பப்படுகிறவருக்கு 'இன்வாலிடிங் மெடிக்கல் போர்டு'. பணிக்காலம் முடிந்து போகிறவர் குறைந்த மருத்துவத் தகுதியில், அதாவது 'லோ மெடிக்கல் கேட்டகரி'யில் இருந்தால் 'ரிலீஸ் மெடிக்கல் போர்டு'. இந்த போர்டு இரண்டு விஷயங்களைச் சொல்லும். ஒன்று, உடல் குறைபாடு எத்தனை சதவிகிதம். இரண்டு, அது பணியால் வந்ததா, பணியால் அதிகமானதா, இல்லையா.

குறைபாடு 20 சதவிகிதம் அல்லது அதற்கு மேல் இருந்து, பணியோடு தொடர்பும் ஏற்கப்பட்டால் டிஸெபிலிட்டி பென்ஷன் உண்டு. இதில் இரண்டு பகுதிகள். பணிக்காலத்துக்காகக் கிடைப்பது 'சர்வீஸ் எலிமென்ட்'. உடல் குறைபாட்டுக்காகக் கிடைப்பது 'டிஸெபிலிட்டி எலிமென்ட்'. 100 சதவிகிதக் குறைபாடு என்றால், கடைசியாக வாங்கிய ஊதியத்தில் 30 சதவிகிதம் டிஸெபிலிட்டி எலிமென்ட். குறைபாடு குறையக் குறைய அதே விகிதத்தில் தொகையும் குறையும். போர்க்களத்தில் காயம்பட்டவர்களுக்கு இது வேறு கணக்கு, தொகையும் அதிகம்.

இங்கேதான் பலரும் கவனிக்காமல் விடும் ஒரு சலுகை இருக்கிறது. ஆங்கிலத்தில் 'பிராட் பேண்டிங்' என்பார்கள். குறைபாடு 50 சதவிகிதத்துக்குக் கீழே இருந்தால் 50 என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். 50 முதல் 75 வரை இருந்தால் 75. அதற்கு மேல் இருந்தால் 100.

ஓர் எளிய கணக்கு. ஒருவர் கடைசியாக வாங்கிய ஊதியம் 40,000 ரூபாய், குறைபாடு 20 சதவிகிதம் என்று வைத்துக்கொள்வோம். 40,000-ல் 30 சதவிகிதம் 12,000. அதில் 20 சதவிகிதம் 2,400 ரூபாய். பிராட் பேண்டிங் கிடைத்தால் 20 என்பது 50 ஆகிவிடும். அப்போது மாதம் 6,000 ரூபாய். அகவிலைப்படி இதற்கு மேல் தனி.

இந்தச் சலுகை, நோயால் இடையிலேயே அனுப்பப்பட்டவர்களுக்கு மட்டும்தான், முழுப் பணிக்காலம் முடித்து ஓய்வு பெற்றவர்களுக்கு இல்லை என்று அரசு நீண்ட காலம் சொல்லிவந்தது. ராம் அவதார் என்பவர் தொடர்பான வழக்கில் 2014 டிசம்பர் 10 அன்று உச்ச நீதிமன்றம் அந்தப் பாகுபாட்டை நிராகரித்தது. முழுப் பணிக்காலம் முடித்தவர்களுக்கும் பிராட் பேண்டிங் உண்டு என்பது அன்று உறுதியானது. ஆனாலும், பழைய சதவிகிதத்திலேயே பென்ஷன் வாங்கிக்கொண்டிருப்பவர்கள் இன்றும் இருக்கக்கூடும். உங்கள் வீட்டுப் பென்ஷன் ஆணையில் எந்தச் சதவிகிதம் போட்டிருக்கிறது என்று ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.

19 ஆண்டுகள் போராடிய ஒரு சிப்பாய்

டிஸெபிலிட்டி பென்ஷன் பற்றி எந்த வழக்கறிஞரிடம் பேசினாலும் முதலில் வரும் பெயர் தரம்வீர் சிங். இவர் 1985 ஜூனில் ராணுவத்தின் சிக்னல்ஸ் பிரிவில் சிப்பாயாகச் சேர்ந்தார். சுமார் ஒன்பது ஆண்டுகள் பணி. வலிப்பு நோய் வந்தது. 20 சதவிகிதக் குறைபாடு என்று சொல்லி 1994 ஏப்ரலில் அனுப்பிவிட்டார்கள். 'நோய்க்கும் பணிக்கும் தொடர்பில்லை' என்று மெடிக்கல் போர்டு எழுதியது. பென்ஷன் கிடையாது என்றார்கள்.

இமாச்சலப் பிரதேச உயர் நீதிமன்றத்தில் ஒரு நீதிபதி அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தார். மேல்முறையீட்டில் இரண்டு நீதிபதிகள் அமர்வு அதை ரத்து செய்தது. கடைசியில் உச்ச நீதிமன்றம் போனார். 2013 ஜூலை 2 அன்று வெற்றி கிடைத்தது. அனுப்பப்பட்ட நாளிலிருந்து 19 ஆண்டுகள்.

உச்ச நீதிமன்றம் கேட்ட கேள்வி மிக எளிமையானது. ராணுவத்தில் சேரும்போது ஒருவரைத் தலையிலிருந்து கால்வரை சோதித்துத்தானே எடுக்கிறீர்கள்? அன்று அவருக்கு எந்த நோயும் இருந்ததாக ஏட்டில் குறிப்பு இல்லையே. அப்படியென்றால் அவர் நல்ல உடம்போடு வந்தார் என்றுதானே பொருள்? பிறகு வந்த நோய் பணியின்போது வந்ததுதானே?

அந்தத் தீர்ப்பு நான்கு விஷயங்களைத் தெளிவாக்கியது. சேரும்போது நோய் பற்றிய குறிப்பு இல்லையென்றால், வீரர் ஆரோக்கியமாக இருந்தார் என்றே கருத வேண்டும். நோய்க்கும் பணிக்கும் தொடர்பு உண்டு என்று வீரர் நிரூபிக்க வேண்டியதில்லை. தொடர்பில்லை என்று அரசுதான் காட்ட வேண்டும். நியாயமான சந்தேகம் எழுந்தால் அதன் பலன் வீரருக்கே. சேரும்போது சோதனையில் கண்டுபிடிக்க முடியாத நோய் என்று மெடிக்கல் போர்டு சொன்னால், அதற்குக் காரணத்தை எழுத்தில் தர வேண்டும். வெறுமனே 'தொடர்பில்லை' என்று எழுதினால் போதாது.

2014-ல் வந்த இன்னொரு தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் மேலும் ஒரு படி போனது. உடல்நிலையைக் காரணம் காட்டி ஒருவரைப் படையிலிருந்தே அனுப்புகிறீர்கள் என்றால், அவருடைய குறைபாடு 20 சதவிகிதத்துக்கு மேல் இருக்கிறது என்றே கொள்ள வேண்டும் என்றது. வேலைக்கே லாயக்கில்லாத அளவு நோய் என்று சொல்லிவிட்டு, பென்ஷன் என்று வரும்போது '20-க்கும் குறைவு' என்று சொல்வதற்கு அது முற்றுப்புள்ளி வைத்தது.

சியாச்சின் பனியும் சர்க்கரை நோயும்

இந்தத் தீர்ப்புகள் வந்த பிறகும் வழக்குகள் ஓய்ந்துவிடவில்லை. 1985-ல் சேர்ந்து, சியாச்சின் பனிமலையில் பணியாற்றியபோது வலிப்பு வந்து, 1989-ல் அனுப்பப்பட்ட ஒரு வீரர் இருக்கிறார். அவருக்கு 50 சதவிகிதம் என்ற கணக்கில் பென்ஷன் தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது 2025 ஏப்ரலில். இடையில் 36 ஆண்டுகள் ஓடிவிட்டன. இளைஞராக வீடு திரும்பியவர், தீர்ப்பு வந்தபோது முதியவர்.

இப்போது அதிகம் மறுக்கப்படுவது ரத்தக் கொதிப்பு, சர்க்கரை நோய், இதய நோய் போன்றவை. 'இது வாழ்க்கைமுறை நோய். ஊரில் இருந்திருந்தாலும் வந்திருக்கும்' என்பது ஒரு காரணம். 'எல்லையில் இல்லை, அமைதியான இடத்தில் பணியாற்றியபோதுதான் நோய் வந்தது' என்பது இன்னொரு காரணம்.

சர்க்கரை நோய் தொடர்பான ஒரு வழக்கில் 2025 மார்ச்சில் டெல்லி உயர் நீதிமன்றம் இந்த இரண்டு காரணங்களையும் அலசியது. அமைதியான இடத்தில் நோய் தொடங்கியது என்பதை மட்டுமே வைத்துப் பணியோடு தொடர்பில்லை என்று சொல்லிவிட முடியாது என்றது. வாழ்க்கைமுறை ஆளுக்கு ஆள் மாறும். இந்த வீரருக்கு ஏன் பணி காரணமில்லை, வேறென்ன காரணம் என்று மெடிக்கல் போர்டு விளக்க வேண்டும் என்றது. குடும்பத்தைப் பிரிந்த வாழ்க்கை, அடிக்கடி இட மாற்றம், இரவுக் காவல், எப்போது அழைப்பு வருமோ என்ற பதற்றம் எல்லாம் எல்லையில் மட்டும் இருப்பவை இல்லையே.

அதே நேரம், எல்லாக் கோரிக்கையும் வெல்லும் என்று நினைத்துவிடக் கூடாது. விடுமுறையில் ஊருக்கு வந்தவர் சொந்த வேலையாகப் போகும்போது விபத்தில் சிக்கினால், பணியோடு ஏதோ ஒரு தொடர்பைக் காட்ட வேண்டியிருக்கும். காயம்பட்ட வழக்குகளில் அன்றைக்கே யூனிட்டில் எழுதப்பட்ட 'இன்ஜுரி ரிப்போர்ட்' முக்கிய சாட்சி. அது இல்லாமல் பல ஆண்டுகள் கழித்து நிரூபிப்பது கஷ்டம்.

2023-ல் மாறிய விதி

தகுதியில்லாதவர்கள் இந்தப் பென்ஷனைப் பெற்றுவிடக் கூடாது என்ற காரணத்தைச் சொல்லி, பாதுகாப்பு அமைச்சகம் 2023 செப்டம்பரில் புதிய விதிகளைக் கொண்டுவந்தது. குறைபாடு ஏற்பட்ட பிறகும் பணியில் தொடர்ந்து, பிறகு ஓய்வு பெறுகிறவர்களுக்கு 'டிஸெபிலிட்டி எலிமென்ட்' என்பதற்குப் பதிலாக 'இம்பேர்மென்ட் ரிலீஃப்' என்ற பெயரில் தொகை என்பது அதிலுள்ள முக்கிய மாற்றங்களில் ஒன்று. எந்த நோயை எப்படிப் பணியோடு தொடர்புபடுத்துவது என்பதும் முன்பைவிட இறுக்கமாகியிருக்கிறது.

முன்னாள் வீரர்கள் பலருக்கும் இதில் ஒரு குழப்பம். 'விதி மாறிவிட்டதாமே, இனி நமக்குக் கிடைக்காதாமே' என்று விட்டுவிடுகிறார்கள். 2023 செப்டம்பர் 21-க்கு முன்பே பணியிலிருந்து விடுபட்டவர்களுக்கு அவர்கள் காலத்து விதிகள்தான் பொருந்தும். அதற்குப் பிறகு விடுபட்டவர்களுக்கே புதிய விதி. ஆகவே, எந்தத் தேதியில் விடுபட்டார் என்பதை முதலில் பார்க்க வேண்டும்.

10 ஆண்டுகள்கூட முடிக்காமல் நோயால் அனுப்பப்பட்டு, 'பணியோடு தொடர்பில்லை' என்று எழுதப்பட்டவர்களுக்கு முன்பு பென்ஷனே கிடையாது, பணிக்கொடையோடு சரி. 2020 ஜூலையில் அந்த 10 ஆண்டு நிபந்தனை தளர்த்தப்பட்டது. 2019 ஜனவரி 4 அன்றோ, அதற்குப் பிறகோ பணியில் இருந்தவர்களுக்கு 'இன்வாலிட் பென்ஷன்' கிடைக்க இது வழி செய்தது.

மறுத்துவிட்டார்களா? அடுத்து என்ன?

மறுப்புக் கடிதம் வந்ததும் ஆறு மாதத்துக்குள் முதல் மேல்முறையீடு செய்ய வேண்டும். அதையும் மறுத்தால் இரண்டாவது மேல்முறையீடு. இரண்டுக்கும் தனித்தனிக் குழுக்கள் இருக்கின்றன. மனுவை அந்தந்தப் படைப்பிரிவின் ரெக்கார்ட் ஆபீஸ் வழியாக அனுப்ப வேண்டும். மெட்ராஸ் ரெஜிமென்ட் என்றால் நீலகிரியின் வெலிங்டன். மெட்ராஸ் இன்ஜினீயர் குரூப் என்றால் பெங்களூரு.

மேல்முறையீட்டில் 'என் குடும்பம் கஷ்டப்படுகிறது, கருணை காட்டுங்கள்' என்று மட்டும் எழுதினால் பலன் குறைவு. சேரும்போது மருத்துவ ஏட்டில் என்ன எழுதியிருந்தது, நோய் எந்த ஆண்டு, எந்த ஊரில் பணியாற்றும்போது தொடங்கியது, எந்த ராணுவ மருத்துவமனையில் சேர்த்தார்கள், மெடிக்கல் போர்டு காரணம் எழுதியதா இல்லையா என்று வரிசையாக எழுத வேண்டும். மெடிக்கல் போர்டு அறிக்கை கையில் இல்லையென்றால், தகவல் உரிமைச் சட்டத்தில் ரெக்கார்ட் ஆபீஸிடம் கேட்கலாம். தன்னுடைய மருத்துவ ஆவணத்தைக் கேட்க வீரருக்கு உரிமை உண்டு.

இந்தக் கதவுகளும் மூடினால் ஆயுதப்படைத் தீர்ப்பாயம். 2007-ல் இதற்கெனச் சட்டம் வந்து, 2009 முதல் தீர்ப்பாயம் இயங்குகிறது. தமிழ்நாடு, புதுச்சேரி வீரர்களுக்குச் சென்னையிலேயே கிளை இருக்கிறது. ஒரு நீதித்துறை உறுப்பினர், ஓய்வு பெற்ற மூத்த படை அதிகாரி ஒருவர் என இருவர் அமர்ந்து விசாரிப்பார்கள். இறுதி உத்தரவு வந்த ஆறு மாதத்துக்குள் போக வேண்டும் என்பது விதி. தக்க காரணம் இருந்தால் தாமதத்தை மன்னிக்கும் அதிகாரமும் தீர்ப்பாயத்துக்கு உண்டு. வழக்கறிஞர் வைத்துக்கொள்ளலாம், தானே நேரில் வாதாடவும் சட்டம் இடம் தருகிறது.

'20 வருஷம் ஆச்சே, இனிமேல் கேட்டால் சிரிக்க மாட்டார்களா?' என்று தயங்குகிறவர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய தீர்ப்பு ஒன்று உண்டு. 1983-ல் அனுப்பப்பட்ட ஒரு வீரர், 16 ஆண்டுகள் கழித்து 1999-ல்தான் நீதிமன்றம் போனார். பென்ஷன் மறுப்பு என்பது ஒரு நாளோடு முடிந்துபோகும் தவறில்லை, ஒவ்வொரு மாதமும் தொடரும் தவறு என்று 2008-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. அதனால் தாமதமாகப் போனாலும் கேட்கலாம். ஆனால், நிலுவைத் தொகை வழக்கு போட்ட நாளுக்கு முந்தைய மூன்று ஆண்டுகளுக்கு மட்டுமே கிடைக்கும் என்றும் சொல்லிவிட்டது. அதாவது, தள்ளிப்போடும் ஒவ்வொரு மாதமும் பழைய பாக்கியில் ஒரு மாதத்தைக் கரைக்கிறது.

தீர்ப்பாயத்தில் வென்ற பிறகும் அரசுத் தரப்பு உயர் நீதிமன்றத்துக்கும், உச்ச நீதிமன்றத்துக்கும் போவது உண்டு. குடும்பம் மனதைத் தயார்படுத்திக்கொள்ள வேண்டிய விஷயம் இது.

ஓர் எழுத்து மாறினால் நிற்கும் பணம்

இது ஒரு பக்கம். சத்தமில்லாமல் குடும்பங்களை அலைக்கழிக்கும் இன்னொரு பிரச்னை, சர்வீஸ் ரெக்கார்டில் உள்ள தவறுகள்.

தமிழ்க் குடும்பங்களில் இது அதிகம் வருவதற்குக் காரணம் நம் பெயர் வைக்கும் முறை. நமக்கு இனிஷியல் உண்டு, குடும்பப் பெயர் கிடையாது. வடக்கே உள்ள அலுவலகத்தில் பெயரை எழுதுகிறவர் அப்பா பெயரைக் குடும்பப் பெயராக்கிவிடுவார். மனைவி முத்துலட்சுமியின் பெயரில் 'எக்ஸ்' எழுத்தைப் போட்டு ராணுவ ஏட்டில் எழுதியிருப்பார்கள். ஆதாரில் 'கே, எஸ், ஹெச்' என்று இருக்கும். வங்கிக் கணக்கில் வெறும் 'எம்.லட்சுமி'. கணவர் உயிரோடு இருக்கும்வரை இது யாருக்கும் உறுத்தாது. அவர் காலமான பிறகு குடும்ப ஓய்வூதியம் கேட்டுப் போகும்போது, 'முத்துலட்சுமியும் எம்.லட்சுமியும் ஒருவர்தான் என்பதற்கு என்ன ஆதாரம்?' என்ற கேள்வி வரும். துக்கம் ஆறாத வீட்டில், அந்தப் பெண் சான்றிதழ்களுக்காக அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்க வேண்டியிருக்கும்.

பிறந்த தேதி இன்னொரு சிக்கல். ராணுவ ஏட்டில் மனைவியின் பிறந்த தேதி விடுபட்டிருக்கும், அல்லது தோராயமாக ஒரு வருடம் மட்டும் இருக்கும். இதனால் என்ன நஷ்டம் என்று கேட்கலாம். 80 வயது முடிந்தால் பென்ஷனிலும், குடும்ப ஓய்வூதியத்திலும் 20 சதவிகிதம் கூடுதல் உண்டு. 85-ல் 30, 90-ல் 40, 95-ல் 50, 100 வயதில் 100 சதவிகிதம். பிறந்த தேதி ஏட்டில் இல்லையென்றால், 80 ஆனது யாருக்குத் தெரியும்?

மாற்றுத்திறனாளிப் பிள்ளை இருக்கும் வீடுகள் கூடுதல் கவனம் எடுக்க வேண்டும். சம்பாதிக்க இயலாத மாற்றுத்திறனாளி மகன் அல்லது மகளுக்கு, பெற்றோர் காலத்துக்குப் பிறகு வாழ்நாள் முழுவதும் குடும்ப ஓய்வூதியம் கிடைக்க விதி இருக்கிறது. அந்தப் பிள்ளையின் பெயர் ஏட்டில் ஏறியிருக்க வேண்டும். பெற்றோர் இருக்கும்போதே ஏற்றிவிட்டால், பின்னாளில் அந்தப் பிள்ளைக்காக வேறு யாரும் அலைய வேண்டியிருக்காது.

திருத்தம் செய்வது எப்படி? ராணுவத்தில் திருமணம், குழந்தை பிறப்பு, பெயர் மாற்றம் போன்ற ஒவ்வொன்றும் 'பார்ட் 2 ஆர்டர்' என்ற உத்தரவாக வெளியாகிப் பதிவாகும். பணியில் இருக்கும்போது யூனிட்டிலேயே செய்துவிடலாம். ஓய்வு பெற்ற பிறகு ரெக்கார்ட் ஆபீஸுக்கு எழுத வேண்டும். ஆதார், பள்ளிச் சான்றிதழ், திருமணச் சான்றிதழ், இரண்டு பெயரும் ஒருவரையே குறிக்கும் என்ற அஃபிடவிட் போன்றவற்றைக் கேட்பார்கள். அவர்கள் ஏட்டைத் திருத்தினால், பென்ஷன் ஆணையான பி.பி.ஓ-வுக்குத் திருத்த ஆணை வரும். பி.பி.ஓ திருந்தியதா என்று பார்க்காமல் 'மனு கொடுத்தாச்சு' என்று இருந்துவிடக் கூடாது.

இப்போது பாதுகாப்புத் துறைப் பென்ஷன் எல்லாம் 'ஸ்பர்ஷ்' என்ற ஆன்லைன் முறைக்கு மாறியிருக்கிறது. பழைய தாள்களில் இருந்த விவரங்கள் கணினிக்கு மாறியபோது பழைய தவறுகளும் அப்படியே ஏறியிருக்கலாம். பேரன், பேத்தியிடம் சொல்லி ஒருமுறை ஸ்பர்ஷ் கணக்கைத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள். பெயர், பிறந்த தேதி, மனைவி பெயர், ரேங்க், பணிக்காலம், டிஸெபிலிட்டி சதவிகிதம் என ஒவ்வொன்றையும் டிஸ்சார்ஜ் புத்தகத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். தவறு இருந்தால் அதிலேயே புகார் பதியவும் வசதி உண்டு. ஆண்டுதோறும் ஆயுள் சான்றிதழ் தருவதையும் மறக்கக் கூடாது.

திருத்த முடியாத ஒன்றும் இருக்கிறது. படையில் சேரும்போது வீரர் தன் பிறந்த தேதியாக எழுதிக்கொடுத்ததை, பணிக்காலம் முடியும் நேரத்திலோ, ஓய்வுக்குப் பிறகோ மாற்றக் கேட்டால் நீதிமன்றங்கள் பொதுவாக ஏற்பதில்லை. அதற்காகப் பணத்தையும் காலத்தையும் செலவழிக்கும் முன் யோசிப்பது நல்லது.

'உங்கள் ஃபைல் இல்லை' என்றால்?

பென்ஷன் இல்லாமல் அனுப்பப்பட்டவர்களின் சேவை ஆவணங்களை 25 ஆண்டுகளுக்குப் பிறகு அழித்துவிடலாம் என்பது ராணுவ விதி. பென்ஷன் மறுக்கப்பட்டு, பல ஆண்டுகள் கழித்துக் கேட்கப் போகிறவருக்கு, 'ஆவணங்கள் அழிக்கப்பட்டுவிட்டன' என்ற பதில் வருவது இதனால்தான். 'லாங் ரோல்' எனப்படும் பதிவேட்டில் மட்டும் அவருடைய பெயரும் சேர்ந்த, விடுபட்ட விவரமும் சுருக்கமாக இருக்கும்.

அந்த நிலையில் வீட்டில் உள்ள காகிதம்தான் துணை. டிஸ்சார்ஜ் புத்தகம், மருத்துவமனைச் சீட்டு, அந்தக் காலத்தில் ரெக்கார்ட் ஆபீஸ் அனுப்பிய பழுப்பேறிய கடிதம் எதுவும் குப்பை இல்லை. வீடு வெள்ளையடிக்கும்போது 'பழைய பேப்பர்' என்று கடைக்குப் போட்டுவிடாதீர்கள்.

யாரிடம் கேட்பது?

ஒவ்வொரு மாவட்டத்திலும் முன்னாள் படைவீரர் நல அலுவலகம் இருக்கிறது. மனு எழுதுவது, ரெக்கார்ட் ஆபீஸ் முகவரி, குடும்ப ஓய்வூதியப் படிவங்கள் என முதல் கட்ட உதவிக்கு அங்கே போகலாம். பணம் எதுவும் கொடுக்க வேண்டியதில்லை. வீரரின் மனைவியும், விதவையும் நேராகப் போய்க் கேட்கலாம்.

வழக்கு போட வசதியில்லாதவர்களுக்காக, தேசிய சட்டப் பணிகள் ஆணைக்குழு 2025 ஜூலையில் 'வீர் பரிவார் சகாயதா யோஜனா' என்ற திட்டத்தைத் தொடங்கியிருக்கிறது. படைவீரர்கள், முன்னாள் வீரர்கள், அவர்கள் குடும்பத்தினருக்கு இலவசச் சட்ட உதவி தருவது இதன் நோக்கம். மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் உள்ள சட்டப் பணிகள் ஆணைக்குழு அலுவலகத்தில் விசாரிக்கலாம்.

'நிச்சயம் வாங்கித் தருகிறேன், முன்பணம் கொடுங்கள்' என்று வீடு தேடி வருகிறவர்களிடம் மட்டும் ஜாக்கிரதை. மெடிக்கல் போர்டு அறிக்கையைப் பார்க்காமல் யாராலும் அப்படி உறுதி சொல்ல முடியாது. அசல் ஆவணங்களை யாரிடமும் கொடுத்துவிடாதீர்கள். நகல் மட்டும் போதும்.

வீட்டில் செய்து வைக்க வேண்டியவை

* டிஸ்சார்ஜ் புத்தகம், பி.பி.ஓ, மெடிக்கல் போர்டு அறிக்கை, மறுப்புக் கடிதங்கள் எல்லாவற்றையும் ஒரே ஃபைலில் வையுங்கள். ஒவ்வொரு பக்கத்தையும் போனில் படம் எடுத்து, பிள்ளைகள் இருவருக்காவது அனுப்பிவையுங்கள்.

* ராணுவ எண், ரேங்க், படைப்பிரிவு, ரெக்கார்ட் ஆபீஸ் முகவரி நான்கையும் ஒரு தாளில் எழுதி மனைவிக்குத் தெரியும் இடத்தில் வையுங்கள். பல விதவைகள் தடுமாறுவது இந்த நான்கு விவரங்களில்தான்.

* மனைவியின் பெயர், பிறந்த தேதி, பி.பி.ஓ, ஆதார், வங்கிக் கணக்கு மூன்றிலும் ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள்.

* எந்த மனுவையும் ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்பி, ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். தீர்ப்பாயத்தில் ரசீதுக்கு மதிப்பு உண்டு.

* மறுப்புக் கடிதம் வந்த தேதியைக் காலண்டரில் குறித்து, ஆறு மாதக் கணக்கைத் தொடங்குங்கள்.

பட்டாளத்துக்காரர் வீட்டில் பெயரும் நம்பரும் வெள்ளை பெயின்ட்டில் எழுதிய ஒரு கறுப்பு டிரங்க் பெட்டி இன்னமும் இருக்கும். பெரும்பாலும் பரணில் கிடக்கும். இந்த ஞாயிற்றுக்கிழமை அதை இறக்கி, உள்ளே இருக்கும் காகிதங்களை அப்பாவோ, தாத்தாவோ பக்கத்தில் இருக்கும்போதே ஒவ்வொன்றாகக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். எந்த ஆண்டு, எந்த ஊர், எந்த ஆஸ்பத்திரி என்று அவர்தான் சொல்ல முடியும். அவர் வாயால் கேட்டு எழுதிவைக்கும் அந்த ஒரு பக்கம்தான், நாளை மேல்முறையீட்டு மனுவின் முதல் பக்கமாக இருக்கும்.